விழா நாளில் வீட்டு மேசை

(கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன் மாதர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விருந்து நாளில் மேசையை அலங்கரிப்பது பற்றிப் பேசும்படி சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த விஷயத்தில் நன்றாகத் தோற்றவள் நான்.

மணமாகி வந்த முதல் கிறிஸ்துமசுக்கு ஒரு பத்திரிகைப் படத்தைப் பார்த்து மேசையை ஜோடித்தேன். வெள்ளை விரிப்பு, நடுவே உயரமான ஜாடியில் சம்பங்கி, இருபுறமும் மெழுகுவர்த்தி. சோற்றுப் பாத்திரம் வைக்க இடமில்லை. மின்விசிறியைப் போட்டால் மெழுகுவர்த்தி அணைந்தது. சம்பங்கி வாசம் குழம்பு வாசத்தை அமுக்கியது. எதிரே இருப்பவர் முகம் தெரியவில்லை. இதெல்லாம் போகட்டும். நாற்காலிகள் ஆறு, வந்தவர்கள் பதினெட்டுப் பேர். கிராமத்திலிருந்து வந்த என் மாமியார், "நீங்க உண்ணுங்க கண்ணு, நான் அப்புறம் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, சமையலறைத் தரையில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டார். பிற்பகல் மூன்று மணிக்குத்தான் நான் அதைக் கண்டேன். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

மேசை என்ற சொல்லே போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்தது. சாவி, ஜன்னல், அலமாரி ஆகியவையும் அப்படித்தான். நம் வீடுகள் பலவற்றில் மேசைக்கு மேலே மாட்டியிருக்கும் இராவுணவுப் படத்தைப் பாருங்கள். லியோனார்டோ டா வின்சி 1490-களில் மிலான் நகரத் துறவியர் மடமொன்றின் உணவுக்கூடச் சுவரில் தீட்டியது. ஆண்டவர் காலத்து விருந்துகளில் தாழ்ந்த பலகையைச் சுற்றிச் சாய்ந்தபடி உண்பதே வழக்கம். ஓவியரோ தம் ஊர் வழக்கப்படி உயர்ந்த மேசை போட்டு, நீலக் கரையிட்ட வெள்ளைத் துணியும் விரித்துவிட்டார். அவர் தம் ஊர் வழக்கத்தை நுழைக்கலாமென்றால் நமக்கு என்ன தயக்கம்?

மறு ஆண்டு மேசையைச் சுவரோரம் தள்ளிப் பாத்திரங்களை அதன்மேல் அடுக்கினேன். கூடத்தில் பவானி ஜமக்காளம். அதன்மேல் வரிசையாகத் தலைவாழை இலை, நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம். மார்கழி ஆதலால் வாசல் கோலத்துக்குப் பூசணிப்பூ கிடைத்தது. மாமியார் முதல் பந்தியில் அமர்ந்தார். பிறகு தாமே எழுந்து, சந்தகையும் தேங்காய்ப்பாலும் எங்களுக்குப் பரிமாறினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

சில ஆண்டுகளில் அவருக்கு மூட்டுவலி வந்து, தரையில் உட்கார முடியாமல் போயிற்று. மேசை மறுபடி நடுவுக்கு வந்தது. இலை அதன்மேல் ஏறியது. ஆகவே தரையா மேசையா என்று என்னிடம் வழக்குக்கு வராதீர்கள். வீட்டில் மூத்தவரின் முழங்காலைக் கேளுங்கள்.

கைக்கு உதவும் சில செய்திகள். பூவை உட்கார்ந்தவர் கண்மட்டத்துக்குக் கீழே வையுங்கள். பித்தளைச் செம்பில் செவ்வந்தி போதும், வாசப்பூக்கள் வாசலுக்கு. மெழுகுவர்த்தியைக் குடிலருகே வையுங்கள். வாழைக்கறை துணியில் பட்டால் போகவே போகாது. இலையின் வெட்டுவாயைத் துடைத்த பிறகே விரிப்பின்மேல் போடுங்கள். விரிப்பென்றதும் ஒரு வருத்தம். கரூரில் தயாராகும் மேசை விரிப்புகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகின்றன. அங்கே கிறிஸ்துமஸ் விருந்துக்கு விரிப்பது நம் கொங்குத் துணியாகவும் இருக்கக்கூடும். நாமோ பூப்போட்ட பிளாஸ்டிக் தாளைக் கடையில் தேடுகிறோம்!

மாமியார் இப்போது இல்லை. அவர் சமையலறையில் தனியே உண்ட அந்த மத்தியானம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. அதனால் இந்த ஆண்டு எங்கள் வீட்டில் சமைத்தவர்களுக்கே முதல் பந்தி, பரிமாறுவது ஆண்கள். ரசம் ஊற்றும்போது இலையில் எந்தப் பக்கம் ஊற்றுவது என்று என் வீட்டுக்காரர் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்.