இடாப்பு யார் கையில்?

(தோட்டத் தலைவர், மாதர் தலைவிமாருக்கான தொழிற்சங்க வகுப்பில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அமெரிக்காவில் நடக்கும் ஒரு தேர்தலைப் பற்றி. ஜனாதிபதித் தேர்தலைப் பற்றி அல்ல. அதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறோம். இது அந்த நாட்டு மக்களிலேயே பலர் கவனிக்காமல் விடும் தேர்தல்: மாநிலச் செயலாளர் பதவிக்கான தேர்தல்.

நமக்கு இது எதற்கு என்று கேட்பீர்கள். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது நாம் தராசை மட்டுமா பார்க்கிறோம்? தராசைப் பிடிக்கிறவரையும் எழுதுகிறவரின் பேனாவையும் சேர்த்துத்தான் பார்க்கிறோம். எத்தனை கிலோ பறித்தோம் என்பது ஒன்று, எத்தனை கிலோ எழுதினார்கள் என்பது இன்னொன்று. சம்பளம் எழுதியதற்குத்தான் கிடைக்கும். வாக்கும் அப்படித்தான். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அதை எழுதுகிற பொறுப்பு மாநிலச் செயலாளருடையது.

அங்கே 50 மாநிலங்கள் இருக்கின்றன. நம் நாட்டைப்போல முழு நாட்டுக்கும் தேர்தலை நடத்தும் ஒரே ஆணைக்குழு அங்கே இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தன் சட்டப்படி தேர்தலை நடத்துகிறது. 47 மாநிலங்களில் மாநிலச் செயலாளர் பதவி இருக்கிறது. அவற்றில் 35 மாநிலங்களில் மக்களே வாக்களித்து அவரைத் தெரிவு செய்கிறார்கள். மூன்றில் மாநில சட்டசபை தெரிவு செய்கிறது. மற்றவற்றில் ஆளுநர் நியமிக்கிறார். கம்பனிகளைப் பதிவது, மாநில முத்திரையைக் காப்பது, சில இடங்களில் சாரதி அனுமதிப்பத்திரம் கொடுப்பது என்று அவருக்குப் பல வேலைகள். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் வாக்காளர் இடாப்பைப் பேணுவதும், தேர்தல் விதிகளை நடைமுறைப்படுத்துவதும், முடிவை அத்தாட்சிப்படுத்துவதும் அவர் பொறுப்பில்தான் வருகின்றன.

சிக்கல் இதுதான். இவரும் ஒரு கட்சியின் சின்னத்தில் போட்டியிட்டு வருகிறவர். ஆட்டக்காரரே நடுவராகவும் நிற்கிற நிலை.

2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் முடிவு முழு நாட்டின் முடிவாக மாறியது. அங்கே ஏறக்குறைய 60 இலட்சம் வாக்குகள் விழுந்தன. அத்தாட்சிப்படுத்திய முடிவில் ஜோர்ஜ் புஷ், அல் கோரைவிட 537 வாக்குகள்தான் அதிகம் பெற்றிருந்தார். அதில் கையெழுத்திட்ட மாநிலச் செயலாளர் கத்தரின் ஹரிஸ், அதே மாநிலத்தில் புஷ்ஷின் பிரசாரக் குழுவுக்கு இணைத் தலைவராக இருந்தவர். மீள எண்ணும் வேலையை நாட்டின் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற தீர்ப்பால் நிறுத்தியது. தேர்தலுக்கு முன்பே, குற்றத் தண்டனை பெற்றவர்கள் என்று இடாப்பிலிருந்து நீக்கத் தயாரித்த பட்டியலில், பெயர் ஒத்துப்போன காரணத்துக்காகவே குற்றமற்ற பலரும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். அதில் அதிகம் அடிபட்டவர்கள் கறுப்பின மக்கள். இப்போது புளோரிடாவில் அந்தப் பதவிக்கு மக்கள் தெரிவு செய்வதில்லை, ஆளுநர்தான் நியமிக்கிறார். ஆளுநரும் கட்சிக்காரர்தானே? தராசு கைமாறியது, அவ்வளவுதான்.

அடுத்தது ஜோர்ஜியா மாநிலம். 2018இல் மாநிலச் செயலாளராக இருந்த பிரையன் கெம்ப், அந்தப் பதவியில் இருந்துகொண்டே ஆளுநர் தேர்தலில் நின்றார். விலகும்படி கேட்டார்கள், விலகவில்லை. வாக்களிப்பு முடிந்த பிறகுதான் விலகினார். அந்த நேரத்தில் சுமார் 53,000 பேரின் வாக்காளர் பதிவு விண்ணப்பங்கள் நிலுவையில் கிடந்தன. விண்ணப்பத்தில் உள்ள பெயரும் அரசாங்கப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பது விதி. ஒரு எழுத்து மாறினாலும், பெயருக்கு நடுவே ஒரு சின்னக் கோடு விடுபட்டாலும் விண்ணப்பம் நின்றுவிடும். அப்படி நின்றவர்களில் ஏறக்குறைய 70 சதவீதத்தினர் கறுப்பினத்தவர். கெம்ப் 55,000க்குச் சற்றுக் குறைவான வாக்குகளால் வென்றார். நிலுவையில் இருந்தவர்களும் அடையாள அட்டையைக் காட்டி வாக்களிக்கலாம் என்று விதி இருந்தது. ஆகவே இதுதான் முடிவை மாற்றியது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் போட்டியில் நிற்பவரின் அலுவலகத்திலேயே வாக்காளரின் விண்ணப்பம் கிடந்தால், தோற்றவர் அந்த முடிவை எப்படி நம்புவார்?

அதே ஜோர்ஜியாவில் இதன் மறுபக்கமும் நடந்தது. 2020இல் ஜோ பைடன் அங்கே 11,779 வாக்குகளால் வென்றார். மாநிலச் செயலாளர் பிராட் ரஃபென்ஸ்பெர்கர், டொனால்ட் ட்ரம்பின் கட்சிக்காரர், ட்ரம்புக்கே வாக்களித்தவர். ஏறக்குறைய 50 இலட்சம் வாக்குகள் மூன்று முறை எண்ணப்பட்டன. ஒரு முறை முழுவதையும் கையால் எண்ணினார்கள். முடிவு மாறவில்லை. 2021 ஜனவரி 2ஆம் திகதி ட்ரம்ப் தொலைபேசியில் அவரை அழைத்து, தனக்கு 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டார். வெற்றி வித்தியாசத்தைவிட ஒரே ஒரு வாக்கு கூட. ரஃபென்ஸ்பெர்கர் மறுத்துவிட்டார். அதற்குப் பரிசாக, அதே ஆண்டில் மாநில சட்டசபை புதிய சட்டம் கொண்டுவந்து, மாநிலத் தேர்தல் சபையின் தலைமையை மாநிலச் செயலாளரிடமிருந்து பறித்தது.

அதன் பிறகுதான் இந்தப் பதவி எவ்வளவு பெரியது என்று பலருக்கு விளங்கியது. 2022இல் அரிசோனா, நெவாடா, மிச்சிகன் போன்ற மாநிலங்களில், 2020 முடிவை ஏற்க மறுத்தவர்கள் மாநிலச் செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டார்கள். அந்த மூன்றிலும் தோற்றார்கள். வயோமிங் மாநிலத்தில் அப்படிப்பட்ட ஒருவர் வென்றார். நெவாடாவில் வித்தியாசம் ஏறக்குறைய 2 சதவீதம்தான். அந்தத் தேர்தலில் லாஸ் வேகஸ் நகரத்து ஹோட்டல்களில் அறை துப்புரவு செய்யும் பெண்களும் சமையல்காரர்களும் தங்கள் தொழிற்சங்கத்தின் மூலம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினார்கள். நம்மைப்போல நாட்கூலிக் கஷ்டம் தெரிந்தவர்கள். 2026 நவம்பரில் இந்த மாநிலங்களில் மறுபடியும் இதே பதவிக்குத் தேர்தல்.

தோழர்களே, இடாப்பு என்ற சொல்லை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் ஏழு பேரை நம் பாட்டன் பூட்டன்மார் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் தேர்தல் சட்டத் திருத்தம் வந்தது. 1952 தேர்தலின்போது நம் மக்களின் பெயர்கள் இடாப்பில் இல்லை. நமது மலையக மக்களின் வாக்கால் ஒரு பிரதிநிதி மீண்டும் பாராளுமன்றம் போக 1977 வரை காத்திருந்தோம். வாக்குப்பெட்டியை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. துப்பாக்கி வேண்டியிருக்கவில்லை. காகிதத்தில் பெயர் இல்லை, அது போதுமாக இருந்தது.

இன்று நமக்குத் தேர்தல்கள் ஆணைக்குழு இருக்கிறது. கட்சிக்காரர் கையில் இடாப்பு இல்லை என்பது பெரிய காரியம். ஆனால் ஆணைக்குழு இருந்தும் 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், பணம் விடுவிக்கப்படாமல் நின்றுபோனது. அது மக்களின் அடிப்படை உரிமையை மீறியது என்று 2024இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே மாதத்தில்தான் வாக்களித்தோம். ஆகவே தெரிவு செய்தாலும், நியமித்தாலும், ஆணைக்குழு வைத்தாலும், கண்காணிக்கிற மக்கள் இல்லாவிட்டால் எந்த முறையும் நம்மைக் காப்பாற்றாது.

நாம் செய்ய வேண்டியது மூன்று.

முதலாவது, ஒவ்வொரு லயத்திலும் இடாப்பைச் சரிபார்ப்போம். வருடாந்தம் திருத்தம் நடக்கும்போது கிராம உத்தியோகத்தரிடம் கேட்போம். தேர்தல்கள் ஆணைக்குழுவின் இணையத்தளத்திலும் பார்க்கலாம். இதைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், செய்து தருவார்கள். 18 வயதானவர்கள், கல்யாணம் முடித்து வேறு தோட்டத்துக்குப் போனவர்கள், கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிறவர்கள் – இவர்களின் பெயர்தான் அதிகம் விடுபடும்.

இரண்டாவது, பெயர்ப் பிழை. ஜோர்ஜியாவின் ஒற்றை எழுத்துக் கதை நம் கதைதான். பிறப்புச் சான்றிதழில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாய், செக்ரோலில் ராமாய்யா. பாடசாலையில் பிள்ளைகளைச் சேர்க்கும் காலத்தில் இதை ஆசிரியர்கள் நாங்கள் தினமும் காண்கிறோம். தேர்தல் அறிவித்த பிறகு அலைவதைவிட இப்போதே திருத்திக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதி எடுக்கும் நாளிலும் அது உதவும்.

மூன்றாவது, நம் வீட்டுக்குள். தோட்டக் கமிட்டித் தேர்தலில் போட்டியிடுகிறவரே அங்கத்தவர் பட்டியலை வைத்திருக்கக் கூடாது. அவரே வாக்கை எண்ணவும் கூடாது. பட்டியலை ஒரு வாரம் முன்பே மடுவத்திலும் பிள்ளை மடுவத்திலும் ஒட்டுவோம். எண்ணும்போது இரண்டு தரப்பிலும் ஆள் நிற்கட்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வென்றவருக்கும் அது மரியாதை, தோற்றவருக்கும் மனக்குறை இருக்காது. வெளியே நீதி கேட்கிற சங்கம் உள்ளே அதைச் செய்து காட்ட வேண்டும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டத் தலைவரும் தன் தோட்டத்தில் இடாப்பில் விடுபட்டவர்களின் பெயர்களை எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடு நாம் எல்லோரும் சேர்ந்து பிரதேச செயலகத்துக்குப் போவோம்.