கானகத்துத் தீர்த்தங்கள்

திபெத்திலே, கயிலைமலைக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,590 மீற்றர் உயரத்திலே அமைந்துள்ளது மானசரோவரம். அதனைக் கால்நடையாக வலம்வருவதைப் பிறவிப் பயனாகக் கருதுவோர் பலர். தேசப்படத்தில் கயிலையிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு வரைந்தால், அது இலங்கையின் தென்கிழக்கிலுள்ள கதிர்காமத்தை அணுகிச் செல்லும். இரண்டும் 81 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்குச் சற்று அப்பால் உள்ளன. வடக்கே பனிமலை ஏரிக்கு ஒரு நடை உண்டென்றால், தெற்கே கானகத்து நீர்நிலைகளை ஒட்டியும் ஒரு நடை உண்டு.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் தொடங்கும் அந்தப் பாதயாத்திரை, கீழைக் கரையோரமாகக் கல்முனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களைக் கடந்து திருக்கோவிலை அடைகின்றது. அங்கே கடலோரத்தில் எழுந்தருளியுள்ள சித்திர வேலாயுத சுவாமியை வணங்கிய அடியார்கள், பொத்துவில், பாணமை வழியாக உகந்தைமலை முருகனிடம் செல்வர். உகந்தையோடு ஊர் முடிகின்றது. அப்பால் ஏறத்தாழ ஐந்து நாள் நடை, முழுவதும் காடு.

கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் அக்காடு வறண்டு கிடக்கும். ஆயினும் வழியருகே குமண வில்லு நீர் தேங்கி நிற்கின்றது. சுமார் 200 ஹெக்டேயர் பரப்புடைய அவ்வில்லுக்குக் குமுக்கன் ஆற்றிலிருந்து ஒடுங்கிய வாய்க்கால் ஒன்று நீர் கொணர்கின்றது. கூழைக்கடாவும் நாரையும் கொக்கும் அங்குள்ள கண்டல் மரங்களிலே கூடுகட்டும். 1938 ஆம் ஆண்டிலேயே பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இடம் இது. 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அக்கண்டல்களைப் பாதித்தது. 2010 இல் குமண ஈரநிலத் தொகுதி ராம்சார் உடன்படிக்கையின்கீழ்ச் சேர்க்கப்பட்டது.

குமுக்கன் ஆற்றைக் கடந்தால் நாவலடி, வியாழை, கட்டகாமம் எனத் தங்குமிடங்கள் தொடர்கின்றன. பெயர்கள் பலவாயினும் யாத்திரிகரின் கேள்வி ஒன்றே: அங்கே தண்ணீர் உண்டா? முற்காலத்தில் வற்றிய ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறும்வரை காத்திருந்து, முதியோருக்கும் குழந்தைகளுக்கும் கொடுத்த பின்னரே ஏனையோர் அருந்துவர். ஊரிலே பதவியும் செல்வமும் உடையவர், அங்கே கையேந்தி நிற்கும் வெறும் 'சாமி'. யானைக்கும் மானுக்கும் உரிய நீரில் தமக்கும் ஒரு பங்கு கிடைத்தது என்பதை அவர் உணர்கின்றார். தீர்த்தம் என்ற சொல்லின் பொருள் அப்போதுதான் விளங்குகின்றது.

பயணத்தின் முடிவிலே கதிர்காமத்தில் மூலவரைக் கண்ணாரக் காண்பதில்லை. திரைக்கு முன்னே நின்றே வழிபடுவர். கப்புறாளை வாயைத் துணியாற் கட்டிக்கொண்டு பூசை செய்வார். அங்கே மந்திர ஓசையினும் மௌனமே மேலோங்கி நிற்கும். காட்டின் அமைதியில் ஐந்து நாள் நடந்தவருக்கு அம்மௌனம் அந்நியமன்று. அதே வளாகத்தில் பள்ளிவாசலும் உண்டு. விழாத் தொடக்கத்தில் அங்கும் கொடியேறும்.

போர்க்காலத்தில் தடைப்பட்ட இந்நடை 1988 இல் புத்துயிர் பெற்றது. இன்று ஆண்டுதோறும் பல்லாயிரவர் செல்கின்றனர். தொண்டர்கள் தண்ணீர்த் தாங்கிகள் வைத்து உதவுகின்றனர். நன்று. ஆயினும் வழிநெடுகப் பிளாத்திக்குப் போத்தல்களும் பொலித்தீன் பைகளும் சிதறுகின்றன. தாகம் தணித்த மடுவிலே சவர்க்கார நுரை மிதக்கின்றது. அடியார் ஐந்து நாளில் காட்டைக் கடந்துவிடுவர். மானும் மயிலும் எங்கே செல்லும்? வள்ளியை மானின் வயிற்றிற் பிறந்தவளாகவும் மயிலை முருகனின் ஊர்தியாகவும் போற்றுவோர், அவற்றின் குடிநீரைக் கெடுப்பது எவ்வகை வழிபாடு?

அன்பர்களே, கதிர்காம விழா மாணிக்க கங்கையில் நீர்வெட்டோடு நிறைவெய்துகின்றது; திருக்கோவிலிலே ஆடி அமாவாசைத் தீர்த்தம் கடலில் நிகழ்கின்றது. இரண்டிடத்தும் இறுதியில் நாடுவது நீரையே. காட்டுக்குள் கொண்டு சென்றதைத் திரும்பக் கொண்டுவருதலும், கண்ட நீரைக் கண்டபடியே விட்டுவருதலும் அந்நடையின் நோன்புகளாகட்டும்.