இளைப்பு நோயும் மருந்தாளரும்
(செந்தூல் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்தச் செந்தூலில் ரயில்வே பட்டறைத் தூசியிலே நம்மவர் உழைத்தார்கள். தோட்டத்திலே நாம் ரப்பர் ஷீட்டு காயும் புகைக்கூடத்தைக் கண்டவர்கள். இளைப்புக்கு அவையும் காரணமாகலாம். ஆனால் சிகரெட்டைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல; பெருங்காரணம் அதுதான்.

நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் அடியோடு தீராது, அடக்கி வைக்கலாம். அதற்குத்தான் பம்பு. நம் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் முதலில் பம்பை அழுத்துவார், பிறகு சாவகாசமாக மூச்சை இழுப்பார். மருந்தெல்லாம் நாக்கோடு நின்றது. "மருந்து சரியில்லை" என்றார். நாமும் ஒத்து ஊதினோம். கடைசியில் ஆஸ்பத்திரி மருந்தாளர்தான், "ஐயா, எனக்கு முன்னால் ஒருமுறை செய்து காட்டுங்கள்" என்று கேட்டார். குட்டு வெளிப்பட்டது!

"நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுதும் வெளியே விடுங்கள். மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே அழுத்துங்கள். பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள்" என்றார். ஸ்டீராய்டு மருந்தானால் பிறகு வாய் கொப்பளிக்கவும் வேண்டும். தூள் மருந்துக் கருவிக்கு முறை வேறு. அதை வேகமாக இழுக்க வேண்டும்.

மலேசிய அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 2004 முதல் மருந்தாளர்களே நடத்தும் கிளினிக்குகள் ஏற்பட்டன. சுவாச நோய்க்கென்றும் உண்டு. நாமோ மருந்து ஜன்னலில் பையை வாங்கியதும் பஸ்ஸுக்கு ஓடுகிறோம். அடுத்த முறை பம்பைக் கையோடு கொண்டுபோய், "நான் செய்வது சரியா?" என்று கேளுங்கள்.

கிராணிமார்களே, அந்த நாளுக்கு லீவுச் சீட்டு எழுதும்போது நாம் முணுமுணுக்க வேண்டாம்.