வாக்கியத்தின் மூட்டுவாய்

சிக்கந்தராபாத் கன்டோன்மெண்டைச் சார்ந்த திருமுல்கேரியின் கடைத்தெருவில் சிறிது நேரம் நின்றால் நான்கு மொழிகள் செவியில் விழும். தமிழ், தெலுங்கு, தக்கினி உருது, ஆங்கிலம் என்பன அவை. 1806-ஆம் ஆண்டில் அமைந்த இப்படைவீட்டுக்குச் சென்னைப் படையோடும் அதனைச் சார்ந்த தொழில்களோடும் வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்தம் வழித்தோன்றல்கள் நாளில் பலமுறை மொழி மாற்றிப் பேசுகின்றனர். சொற்களை மாற்றிக்கொள்வதில் அவர்களுக்குத் தொல்லை இல்லை. ஒரு செய்தியை மற்றொரு செய்தியோடு பொருத்துமிடத்தில்தான் தடுமாற்றம் தோன்றுகிறது. அந்த மூட்டுவாயைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

முதலில் நம் மொழியின் இயல்பைப் பார்ப்போம். 'மழை பெய்து குளம் நிறைந்தது'. 'மழை பெய்தால் குளம் நிறையும்'. 'மழை பெய்தும் குளம் நிறையவில்லை'. இம்மூன்றிலும் இரண்டு செய்திகள் இணைந்து நிற்கின்றன. இணைத்தது எது? தனிச்சொல் ஒன்றும் நடுவே இல்லை. பெய்து, பெய்தால், பெய்தும் என வினையின் ஈறு மாறியது. அம்மாற்றமே நிகழ்ச்சியின் தொடர்ச்சியையும், நிபந்தனையையும், எதிர்பார்த்தது நடவாமையையும் உணர்த்திவிட்டது. இவற்றை நம் இலக்கணத்தார் வினையெச்சம் என்றனர். தொல்காப்பியரும், பின்னர் நன்னூல் செய்த பவணந்தியாரும் இவ்வெச்சங்களை வாய்பாடு வகுத்து எண்ணிக் காட்டினர். 'உம்' என்னும் ஓரிடைச்சொல்லுக்கே எட்டுப் பொருள் கூறினர்.

இன்று நாம் தனிச்சொற்களாக வழங்கும் ஆனால், எனவே, ஏனெனில் என்பவற்றைச் சற்றே பிரித்துப் பாருங்கள். 'ஆனால்' என்பதில் 'ஆகு' என்னும் வினை இருக்கிறது. 'எனவே', 'ஏனெனில்' என்பவற்றில் 'என்' என்னும் வினை இருக்கிறது. வினையே தேய்ந்து இணைப்புச் சொல்லாக நிற்கிறது. ஆகவே தமிழில் மூட்டுவாய் வினைக்குள்ளே இருக்கிறது எனலாம்.

இவ்வியல்பு ஐதராபாத்தின் உருதுவிலும் ஏறியிருப்பது வியப்பன்று. வடநாட்டு உருதுவில் 'சொன்னான்' என்பது முன்னே வரும்; 'கி' என்னும் இணைப்புச் சொல் நடுவே நிற்கும்; சொல்லிய செய்தி பின்னே வரும். தக்கினி பேசுவோரோ 'ஆத்தௌன் போல்கே போலா' என்பர். 'வருகிறேன் என்று சொன்னான்' என்னும் நம் வாக்கியத்தின் வரிசையே அது. 'போல்கே' என்பது 'சொல்லி' எனப் பொருள்படும் எச்சம். தமிழின் 'என்று', தெலுங்கின் 'அனி' ஆகிய இரண்டும் சொல்லுதலைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தவையே. அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்த மொழிகள் சொற்களைக் கடன் கொண்டதோடு, வாக்கியம் பொருத்தும் முறையையும் கடன் கொண்டன.

ஆங்கிலத்தின் வழி வேறு. அங்கே முற்றுவினையோடு கூடிய இரு சிறு வாக்கியங்கள் முழுமையாக நிற்க, தனிச்சொல் ஒன்று அவற்றைப் பிணைக்கும். 'இட் ரெயின்ட், பட் தி டாங்க் டிட் நாட் ஃபில்' என்பதில் 'பட்' என்பது அத்தகைய பிணைப்பு. 'ஆல்தோ', 'பிகாஸ்', 'இஃப்' என்பனவும் அவ்வினத்தனவே.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'ஹவ்எவர்', 'தேர்போர்' முதலியனவும் இணைப்பன போலத் தோன்றும். ஆயினும் அவை வினையடைகள். முன்வாக்கியத்துக்கும் பின்வாக்கியத்துக்கும் உள்ள உறவை அவை சுட்டும். இரண்டையும் கட்டி ஒன்றாக்கும் வலிமை அவற்றுக்கில்லை. கட்டுவதற்கு முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும், காற்புள்ளி போதாது. இவ்விரு வகையையும் பிரித்தறிய எளிய வழி ஒன்றுண்டு. அச்சொல்லை இடம்பெயர்த்துப் பாருங்கள். 'தி டாங்க், ஹவ்எவர், டிட் நாட் ஃபில்' என நடுவிலும் வைக்கலாம், இறுதியிலும் வைக்கலாம். 'பட்' என்பதையோ 'பிகாஸ்' என்பதையோ அவ்வாறு பெயர்க்க இயலாது. அது தான் பிணைக்கும் வாக்கியத்தின் தலைவாயிலில்தான் நிற்கும். நகரும் சொல் வினையடை. நகராத சொல் பிணைப்பு. அன்றாடப் பேச்சில் வாக்கியக் கடைசியில் வந்து விழும் 'தோ' என்பதும் இச்சோதனையால் வினையடையே என விளங்கும்.

இரண்டு முழு வாக்கியங்களுக்கு ஒரு பிணைப்புப் போதும். நம்மவர் 'ஆல்தோ' என்று தொடங்கி, நடுவில் மறுபடியும் 'பட்' என்று சேர்ப்பதுண்டு. 'பிகாஸ்' என்று தொடங்கிப் பின் 'ஸோ' என்பதுமுண்டு. ஒரு கதவுக்கு இருபுறமும் கீல் அடித்தால் அது திறவாது. இவ்வாக்கியங்களின் நிலையும் அதுவே.

இவ்வளவில் நின்றால் இது நடையழகு பற்றிய பேச்சாகவே முடிந்துவிடும். சில சொற்களிலோ பிழை நேர்ந்தால் பொருளே தலைகீழாகும். 'அன்லெஸ்' என்னும் சொல்லுக்குள்ளே எதிர்மறை அடங்கியிருக்கிறது. 'அன்லெஸ் தி ஃபீ இஸ் பெய்ட், தி நேம் வில் பி ஸ்ட்ரக் ஆஃப்' என்றால், கட்டணம் செலுத்தாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்பது பொருள். 'செலுத்தாவிட்டால்' என்பதிலுள்ள 'ஆ' என்னும் எதிர்மறையைத் தனியே மொழிபெயர்க்க எண்ணி ஒருவர் 'நாட்' என்பதையும் சேர்த்து எழுதிவிட்டார் என்று கொள்வோம். அப்பொழுது அறிவிப்பு, கட்டணம் செலுத்தினால் பெயர் நீக்கப்படும் என்று ஆகிவிடும்! பள்ளி அறிவிப்பில் இது நகைப்புக்கு இடமாகலாம். குடிக்கூலிப் பத்திரத்திலோ, மருந்துக் குறிப்பிலோ, படைவீட்டு ஆணையிலோ நகைக்க இடமில்லை.

'ஸின்ஸ்' என்பது வேறொரு வகை. அதற்குக் காலப்பொருளும் உண்டு, காரணப்பொருளும் உண்டு. 'ஸின்ஸ் ஹி கேம், தி வொர்க் ஹாஸ் ஸ்டாப்ட்' என்று மேலதிகாரிக்கு எழுதினால், அவர் வந்தது முதல் வேலை நின்றிருக்கிறது என்றும் கொள்ளலாம். அவர் வந்தமையால் நின்றது என்றும் கொள்ளலாம். முன்னது செய்தி, பின்னது குற்றச்சாட்டு. தமிழில் 'வந்தது முதல்', 'வந்தமையால்' என்று ஈறுகளே வழக்கைத் தீர்த்துவிடும். ஆங்கிலத்தில் எழுதுவோரே ஐயத்துக்கு இடமில்லாத சொல்லைத் தேர்ந்தெடுத்துத் தீர்க்கவேண்டும். ஒரு மனிதரின் பெயர் அதனால் காக்கப்படும்.

ஆங்கில ஆசிரியர்களைப் பயிற்றுவதற்கென 1958-ஆம் ஆண்டில் மத்திய ஆங்கில நிறுவனம் இந்த ஐதராபாத் நகரிலேயே தோன்றியது. 1972-இல் அதன் பெயரில் பிறநாட்டு மொழிகளும் சேர்ந்தன. 2007 முதல் அது மத்தியப் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. அத்தகைய உயர்நிலையங்களுக்குச் செல்ல வாய்ப்பில்லாதவரும் வீட்டிலிருந்தே ஒரு பயிற்சி செய்யலாம். இணைப்புச் சொற்களின் பட்டியலை மனப்பாடம் செய்தல் வேண்டா. எழுதுமுன், இவ்விரு செய்திகளுக்கும் உள்ள உறவு யாது என்று தமிழில் வினவிக்கொள்ளுங்கள். பெய்ததா, பெய்தாலா, பெய்தும் பயனில்லையா? விடை கிடைத்தபின் அவ்வுறவைத் தாங்கும் ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடுங்கள். அது நகருமா, நகராதா என்று பாருங்கள். எதிர்மறை அதனுள் முன்னமே இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தாய்மொழியின் எச்சங்களை நன்குணர்ந்தவருக்கு அயன்மொழியின் பிணைப்புகள் விரைவில் வசமாகும். பிறமொழி கற்பதற்குத் தமிழறிவு தடை என்று எண்ணுவோர் உளர். வாக்கியத்தின் மூட்டுவாய் எங்கேயுள்ளது என்று காட்டித் தருவது அத்தமிழறிவே என்பதை அவர்கள் சிந்திப்பார்களாக.