கொட்டகைக்காரர் பயமும் நம் கடமையும்

(கோவில்பட்டிக் கூட்டத்தில் பேசியதின் சுருக்கம்)



ஒரு நாடகத்தை ஒழிக்க நடிகனை அடிக்க வேண்டியதில்லை. கொட்டகைக்காரரைப் பயமுறுத்தினாலே போதும். இந்தச் சூட்சுமம் வெள்ளைக்காரச் சர்க்காருக்கு நன்றாய்த் தெரியும். அதனால்தான் 1876-ஆம் வருஷ நாடகச் சட்டத்தில், தடை செய்த நாடகத்தில் நடித்தவனுக்கு மாத்திரமல்லாமல், அதற்கு இடம் விட்டவனுக்கும் மூன்று மாதம் வரை தண்டனை என்று எழுதி வைத்தது.

நம் பக்கத்துச் சிவகாசியில் பிறந்தவர் விஸ்வநாததாஸ். அவர் நடித்ததோ வள்ளி திருமணம். தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டத்தில் வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடுவார். அது வெள்ளைக்காரன்தான் என்று ஜனங்களுக்கும் விளங்கும், போலீசுக்கும் விளங்கும். பல தடவை சிறை சென்றார். 1940 டிசம்பர் 31-இல் சென்னையில் மேடையிலேயே உயிர் விட்டார். அவர் காங்கிரஸ்காரர், முருகன் வேஷக்காரர். ஆதலால் அவர் பட்ட பாடு நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லலாமா?

வெள்ளையன் போனான். ஆனால் எம்.ஆர்.ராதாவின் நாடகங்களைப் பொறுக்கமாட்டாமல், 1954-இல் நம்மவர் சர்க்காரே புது நாடகச் சட்டம் செய்தது. அது செல்லாது என்று சென்னை ஹைகோர்ட் சொல்ல 2013 ஆயிற்று. பழைய 1876 சட்டமோ 2018-இல்தான் ஒழிந்தது.

நிற்க. "ஒரே ஒரு கிராமத்திலே" என்றொரு படம். ஜாதியை வைத்து இடஒதுக்கீடு கூடாது என்று பேசும் படம். எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லாதது. கலகம் வரும் என்ற காரணத்தைச் சர்க்கார் தரப்பு சொல்லிற்று. 1989-இல் சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று? மிரட்டுகிறவனுக்குப் பயந்து பேச்சுரிமையை அடக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுப்பதே சர்க்காரின் கடமை என்றது. படம் தப்பு, தீர்ப்பு சரி! ராதாவுக்கு ஒரு நியாயம், நம் எதிரிக்கு ஒரு நியாயம் என்றால் அது பகுத்தறிவாகுமா? நம் கொள்கையை மறுத்து நாடகம் போட்டால், மறுநாள் கூட்டம் போட்டுப் பதில் சொல்லுவோம். கல்லெறிகிறவன் பதில் இல்லாதவன்.

கரிசல் காட்டில் கொடைக்கு நாடகம் வைக்கும் கமிட்டியாருக்கும், ஊர்க் கொட்டகைக்காரருக்கும் சொல்லுகிறேன். "அந்த பபூன் பேச்சை விட்டுவிடுங்கள்" என்று ஒரு ஏட்டையா வாயால் சொன்னால், "எழுத்தில் கொடுங்கள் அய்யா" என்று மரியாதையாகக் கேளுங்கள். எழுத்தில் வந்த உத்தரவைக் கோர்ட்டுக்குக் கொண்டு போகலாம். வாய்ச் சொல்லை எங்கே கொண்டு போவது? வாடகையிலும் விதியிலும் எல்லாக் கட்சிக்கும் ஒரே கணக்கு வையுங்கள். அப்போது எவரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் கொட்டகைக்காரரை மட்டும் தைரியமாயிருக்கச் சொல்லிவிட்டு நாம் வீட்டில் படுத்துக்கொள்வது யோக்கியமல்ல. மிரட்டல் வந்த அன்றைக்குத்தான் நாம் டிக்கெட் வாங்கிக் குடும்பத்தோடு போய் உட்கார வேண்டும். காலி நாற்காலிகளை நம்பி எந்தக் கொட்டகைக்காரரும் எதிர்த்து நிற்கமாட்டார்.