தலைக்கு மேல் ஒரு கூரை

(தொடர்கல்வி மையத்தில் பேசியது)



இன்று பலகையில் ‘வீடு’ என்று எழுதியிருக்கிறேன். இரண்டே எழுத்து. வாசித்துவிடலாம். கட்டுவதுதான் பாடு.

என் கதையை முதலில் சொல்கிறேன். ஐப்பசி மாதம். இரவெல்லாம் மழை. விடியற்காலையில் எங்கள் மண்சுவர் விழுந்தது. அம்மா, நான், தங்கை மூவரும் பள்ளிக்கூடத்தில் திறந்த முகாமில் தங்கினோம். மழை விட்டதும் உதவி கேட்டுப் போனேன். ரேஷன் கார்டைப் பார்த்தார்கள். எங்கள் பெயர் தாத்தாவின் கார்டில் இருந்தது. தாத்தாவுக்கு ஓட்டு வீடு உண்டு. “உங்கள் குடும்பத்துக்குத்தான் வீடு இருக்கிறதே!” என்று சொல்லிவிட்டார்கள். அந்த வீட்டில் அப்போதே ஒன்பது பேர் இருந்தார்கள்!

இது எனக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. கேரள அரசு 2016இல் லைஃப் மிஷன் என்ற திட்டத்தை அறிவித்தது. வீடு கட்ட 4 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அடித்தளம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத் தவணையாக வரும். 2020 பிப்ரவரிக்குள் 2 லட்சம் வீடுகள் முடிந்தன என்று அறிவித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் அதில் ஒரு கார்டு என்றால் ஒரு குடும்பம். அதுதான் கணக்கு. 2020இல் புதிதாக மனு வாங்கியபோது, முன்பே எடுத்த கார்டைத்தான் கேட்டார்கள்.

தம்பிகளே, உங்களில் பலருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. தனி அடுப்பு வைத்துவிட்டீர்கள். கார்டில் மட்டும் இன்னும் அப்பாவின் மகன்! தனிக் கார்டுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள்.

நம் தாத்தா காலத்தில் குடிகிடப்பு உரிமை வந்தது. 1970 ஜனவரி 1 முதல், பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர், பஞ்சாயத்தில் என்றால் 10 சென்ட் வரை வாங்கலாம் என்று சட்டம் சொன்னது. 1972இல் மந்திரி எம்.என். கோவிந்தன் நாயர் லட்சம் வீடு திட்டம் கொண்டுவந்தார். ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். அந்த 10 சென்ட் இன்று பேரன்மாரிடம் இரண்டும் மூன்றுமாகக் கிடக்கிறது.

களியக்காவிளையில் இருக்கும் சொந்தக்காரரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது தமிழ்நாடு. 2024இல் அங்கே கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு 3.5 லட்சம் என்று அறிவித்தார்கள். கார்டு எந்தப் பக்கமோ, மனுவும் அந்தப் பக்கம்தான்.

பாரம் மலையாளத்தில் இருக்கிறதே என்று வாசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வாசிக்கத் தெரிந்தவரை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி நாம் அரசுக்குத் தமிழிலும் மனு எழுதலாம்.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் என்ற வெள்ளைக்காரர் அதைச் செய்து காட்டினார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து, நடுவே இடம் விட்டுச் சுவர் எழுப்பினார். கால் பங்கு செங்கல் மிச்சம். வீட்டுக்குள் சூடும் குறைவு.

இனிச் சொல்லப்போவது மனம் நோகும் செய்தி. 2020 டிசம்பரில் நெய்யாற்றின்கரை அருகே 3 சென்ட் நிலத்தில் இருந்த ஒரு குடும்பத்தை வெளியேற்ற ஆள் வந்தார்கள். அந்தத் தகராறில் கணவனும் மனைவியும் தீக்காயம் பட்டு இறந்தார்கள். அப்பாவுக்கு மகனே குழி வெட்டினான். உயர் நீதிமன்றத்தின் தடை உத்தரவு அதே நாளில் வந்தது. ஆனால் காரியம் மிஞ்சிய பிறகுதான் வந்தது.

ஆகவே, கோர்ட்டிலிருந்து ஒரு தாள் வந்தால் அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாதீர்கள். அன்றே நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் உள்ள தாலுகா சட்ட உதவிக் குழுவிடம் கொண்டு போங்கள். ஏழைகளுக்கு வக்கீல் இலவசம். பெண்களுக்கு வருமானம்கூடக் கேட்கமாட்டார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யவும் செய்யலாம். மழையில் சுவர் விழுந்தால் 1077. வில்லேஜ் ஆபீசரிடம் எழுத்தில் கொடுத்து, தேதி போட்டு ரசீது வாங்குங்கள். வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

நேரமாகிவிட்டது. நாளை வரும்போது எல்லோரும் ரேஷன் கார்டை எடுத்து வாருங்கள். அதில் யார் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்று சேர்ந்து வாசிப்போம்.