கைப்பேசியில் நம் எழுத்து

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



புதிய தொழில்நுட்பமும் கல்வியும் என்று தலைப்புக் கொடுத்தார்கள். அது பெருங்கடல். நான் கரையிலேயே நின்றுகொள்கிறேன். உங்கள் சட்டைப் பையில் இருக்கிற கைப்பேசியில் தமிழை எந்த எழுத்தில் எழுதுகிறோம்? அவ்வளவுதான் என் பேச்சு.

2020 மார்ச் 18ஆம் தேதி நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடம் கைப்பேசி வழியாக வீட்டுக்கு வந்தது. பல வீடுகளில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைப்பேசி. அப்பா வேலை முடிந்து வந்தால்தான் பாடம். அந்தச் சிரமத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி திறந்த பிறகும் புலனக் குழு நின்றுவிட்டது. ஆசிரியரும் பெற்றோரும் இன்று அதில்தான் பேசிக்கொள்கிறோம். பேசுவது தமிழ், எழுத்து மட்டும் பெரும்பாலும் ரோமன் எழுத்து.

“புரியுதுல்ல, அது போதாதா?” என்று கேட்பீர்கள். பி, ஏ, எல், எல், ஐ என்று தட்டுகிறோம். அது பள்ளியா, பல்லியா? கறி வாங்கி வரச் சொன்னால், கறியா, கரியா? பெரியவர்களுக்கு இடம் பார்த்துப் புரிந்துவிடும். எட்டு வயதுப் பிள்ளைக்கு? லகரம், ளகரம், ழகரம் என்று ஆசிரியர் தொண்டை வறளச் சொல்லிக்கொடுக்கிறார். மாலையில் வீட்டுக் கைப்பேசி அந்த மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறது.

தமிழுக்கு 247 எழுத்து, சின்னக் கருவியில் எப்படி அடங்கும் என்பது பழைய கேள்வி. முதலில் அதற்கு விடை தேடியவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. பிழைப்புக்காக மலாயாவுக்கு வந்தவர். தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கித் தந்தவர் அவர்தான். சில விசைகளைத் தட்டினால் தாள் நகராது. அப்படி விசிறியையும் புள்ளியையும் எழுத்தின் தலையிலேயே உட்கார வைத்தார்.

அடுத்தவர் நம் நாட்டுப் பிள்ளை. தமிழாசிரியரும் கவிஞருமான முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன். கணினியில் தமிழ் என்றால் சிரித்த காலத்தில், 1985இல், ‘முரசு’ மென்பொருளைத் தொடங்கினார். பிறகு கைப்பேசிக்குச் ‘செல்லினம்’ செய்தார். ஆப்பிள் கருவிகளில் உள்ள ‘இணைமதி’ எழுத்துருவும் அவர் வரைந்ததுதான். 2001 ஆகஸ்டில் உலகத் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தது. ஆகவே, இது எங்கிருந்தோ வந்த அந்நியச் சரக்கு அல்ல. நம்மவர் கைபட்ட பொருள்.

மாணவச் செல்வங்களே, இப்போது உங்களுக்கு ஒரு கணக்கு. தமிழ்99 என்று ஒரு விசைப்பலகை உண்டு. 1999இல் சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். நீங்கள் படித்த உயிர், மெய், உயிர்மெய் இலக்கணம்தான் அதற்கு அடிப்படை. ‘ம’ தட்டி ‘ஆ’ தட்டினால் ‘மா’. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முன்னதற்குத் தானே புள்ளி விழும். ‘பள்ளி’ என்று எழுத ப, ள, ள, இ. நான்கே தட்டு! ரோமன் எழுத்தில் ஐந்து. எது சுலபம், நீங்களே சொல்லுங்கள். ரோமன் எழுத்துக்கே கை பழகிவிட்டதா? ‘அஞ்சல்’ முறையைப் போட்டுக்கொண்டால், ரோமன் விசையில் தட்டுவதே தமிழாக வந்து விழும். செல்லினத்தில் இரண்டும் உண்டு.

இதில் விளையாட்டல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. ஆறாம் ஆண்டோடு தமிழ்ப்பள்ளி முடிந்துவிடும். இடைநிலைப் பள்ளியில் தமிழ் தானாக வராது. குறைந்தது பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் கற்பிக்கலாம் என்கிறது 1996 கல்விச் சட்டம். கேட்க வேண்டியது நம் கடமை. ஆனால் வகுப்பு கிடைத்தாலும் வாரத்தில் சில பாடவேளைதான். மற்ற நேரத்தில் பிள்ளை எதில் எழுதும்? கைப்பேசியில்தான். அங்கேயும் தமிழ் எழுத்து இல்லையென்றால், ஆறு வருஷம் கற்றது துருப்பிடிக்கும். வாசிக்க ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் தூரம் போக வேண்டாம். 1924இல் தொடங்கிய நம் ‘தமிழ் நேசன்’ 2019இல் நின்றுபோனது. காரணம் பல இருக்கலாம். வாசகர் கூட்டம் பெருகியிருந்தால் எந்தப் பத்திரிகைக்கும் தெம்பு வந்திருக்கும்.

“ஐயா, செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப்போன விரலு, அந்தப் பொடி எழுத்துல எங்க தட்டறது?” என்று சிலர் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். நீங்கள் தட்ட வேண்டாம். வாயால் சொல்லுங்கள், பிள்ளை எழுதட்டும். அந்தக் காலத்தில் எழுதத் தெரிந்த ஒருவர் லயத்துக்கே கடிதம் எழுதிக் கொடுத்தாரே, அந்த வேலையை இனி உங்கள் மகளிடமோ மகனிடமோ கொடுங்கள். ஊரில் இருக்கும் அத்தைக்கு நலம் கேட்டு ஒரு வரி, ஆசிரியருக்கு ஒரு வரி, கடைச் சாமான் பட்டியல். தினம் மூன்று வரி போதும். பிழை வந்தால் அடிக்காதீர்கள். அடுத்த நாள் ஆசிரியர் திருத்துவார்.

ஆசிரியப் பெருமக்களிடமும் ஒரு வேண்டுகோள். பள்ளிக் குழுவில் வரும் அறிவிப்பு தமிழ் எழுத்திலேயே இருக்கட்டும். வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குக் குரல் பதிவும் கூடவே அனுப்புங்கள். யாரையும் ஒதுக்கிவிட்டுத் தமிழ் வளர்க்க முடியாது.

கருவி செய்தவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். காசில்லாமல் கையில் கிடக்கிறது. எழுத வேண்டிய விரல் நம்முடையது. இன்றிரவு வீட்டுக்குப் போனதும், பரிசு வாங்கிய செய்தியைப் பிள்ளையே தமிழில் எழுதிச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.